பின்னாடியும் முன்விளக்கும்

வெளியூரில் வாழும் தமிழர் நால்வர் கூடினால் ஊருக்குப் போகும் வழியைப் பற்றிய பேச்சு எழாமல் இராது. கட்டுச்சோற்றுடன் ஜி.டி. எக்ஸ்பிரஸ்ஸில் இரண்டு இரவுகளைக் கழித்த தலைமுறை ஒன்று. திருக்குறள் எக்ஸ்பிரஸ்ஸில் இடம் கிடைத்தால் குறளே கிடைத்தது போல் மகிழ்ந்த தலைமுறை மற்றொன்று. விமானச் சீட்டு மலியும் நாளைக் கைப்பேசியில் தேடுவது இன்றைய தலைமுறை. நம் வீட்டில் இவற்றோடு இன்னொரு வழியும் சேர்ந்தது. 2024-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு நாமும் இருபது வயது மகனும் தில்லியிலிருந்து திருநெல்வேலிக்கு மோட்டார் சைக்கிளிலேயே சென்றோம். அதற்காக அவ்வண்டியில் இரண்டு கண்ணாடிகளும் இரண்டு விளக்குகளும் பொருத்திய வரலாற்றை இங்கே சொல்லப் புகுகிறோம்.

வண்டி 350 சி.சி. ராயல் என்ஃபீல்டு, 2012-இல் தவணை முறையில் வாங்கியது. அதுவும் ஒரு வகையில் நம்மைப் போல் வடக்கே வந்த தமிழ்நாட்டுப் பிறவிதான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான வண்டிகள் எல்லைக் காவலுக்காக இமயத்தின் அடிவாரம் வரை சென்றன. பிறந்த நாட்டில் அந்தத் தொழில் ஓய்ந்த பின்னும் திருவொற்றியூரில் ஓயவில்லை.

ரைசினாக் குன்றை ஒட்டிய அலுவலகங்களில் பணிபுரிந்தவர்களுக்கு அங்குள்ள குரங்குகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவற்றுள் ஒன்று நம் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு, அங்கே வேறொரு குரங்கு குடியேறிவிட்டதாக எண்ணியது போலும். கண்ணாடி தண்டோடு போயிற்று. வலப்பக்கக் கண்ணாடியோ வயது முதிர்ந்து, எந்த வேகத்திலும் நடுங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே இதனால் பெருந்தொல்லை இல்லை, நெடும்பயணத்துக்கு ஒவ்வாது.

இல்லத்தரசி இரண்டே வாக்கியங்களில் முடிவைச் சொன்னார். "என்னங்க, நான் ரயில்ல வந்துடுவேன். ஆனா பின்னால என்ன வருதுன்னு தெரியாத வண்டியில என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாதீங்க." அவர் பேச்சுக்குக் காரணம் இருந்தது. எங்கள் குடியிருப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரிக் காலையில் பனிமூட்டத்தில் பின்னாலிருந்து மோதப்பட்டார். உயிர் பிழைத்தார், இன்றும் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கரோல்பாகுக்குச் சென்றோம். ஒருகாலத்தில் தில்லித் தமிழர் பலர் வாடகைக்கு இருந்த பகுதி. மோட்டார் சைக்கிள் உதிரிப் பொருள்களுக்கு இன்று வடநாட்டிலேயே பெயர் பெற்ற இடம். கடைகள்தோறும் கண்ணாடிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கைப்பிடியின் முனையில் பொருத்தும் வட்டக் கண்ணாடிகளை மகன் விரும்பினான். பார்வைக்கு அவை அழகியவைதாம். ஆயினும் வண்டியின் அகலத்தை அவை கூட்டுகின்றன. நெரிசலில் முதலில் உரசுவதும் அவையே. வழக்கமான இடத்தில் நிற்கும் தண்டுக் கண்ணாடிகளையே தேர்ந்தோம்.

'ஆடி' என்பது கண்ணாடிக்கு நம் மொழியில் உள்ள பழஞ்சொல். பின்னால் வருவதைக் காட்டும் ஆடியைப் 'பின்னாடி' என்று சொல்லிக்கொண்டால் பொருளும் பொருந்துகிறது, இடமும் பொருந்துகிறது. இந்தப் பின்னாடி எளிய பொருளாகத் தோன்றினும் அதற்கும் சில இலக்கணங்கள் உண்டு. சமதளக் கண்ணாடி தூரத்தை உள்ளபடி காட்டும். காட்டும் பரப்போ குறைவு. குவியாடி பரந்த காட்சியைத் தரும். ஆனால் பின்வரும் லாரி சிறிதாகவும் தொலைவில் இருப்பதாகவும் தோன்றும். நெடுஞ்சாலைக்குக் குவியாடியே ஏற்றது; அதில் தெரியும் வண்டி இன்னும் அருகில் இருப்பதாகக் கணக்கிடப் பழகிக்கொள்ள வேண்டும்.

நடுக்கத்துக்கும் காரணம் உண்டு. இவ்வண்டியில் ஒரே உருளை. அதனுள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் பாய்கிறது. ஒவ்வொரு தண்டுக்கும் தனக்கென ஓர் அதிர்வு உண்டு. எந்திரத்தின் துடிப்பு அதனோடு ஒத்துப்போகும் வேகத்தில் பிம்பம் கலைந்துவிடும். தண்டின் நீளமோ தலையின் எடையோ மாறினால் கலையும் வேகமும் மாறும். எனவே சற்றுக் கனமான உலோகத் தலையும் திடமான தண்டும் கொண்டவற்றை வாங்கினோம். நாம் வழக்கமாகச் செல்லும் 70 கிலோமீட்டர் வேகத்தில் பிம்பம் அசையாது நின்றது. பத்து மில்லிமீட்டர் மரை இரு பக்கமும் வலப்புறமாகவே சுற்றுவது நம் வண்டியில். யமஹா வண்டிகளில் வலக்கண்ணாடியின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றும். அதை அறியாமல் முறுக்கினால் மரை கெடும்; அத்தகைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இதை நினைவிற் கொள்க.

விளக்குக் கடையில்தான் தந்தைக்கும் மகனுக்கும் வழக்கு மூண்டது. வண்டியின் முகவிளக்கு 60/55 வாட் ஹாலஜன். அதற்குத் துணையாக, இரவைப் பகலாக்கும் நான்கு வெள்ளை விளக்குகள் வேண்டும் என்றான் மகன். "அப்பா, எல்லாரும் இதைத்தான் போடறாங்க. எதிர்ல வர்றவன் ஒதுங்குவான்" என்றான். எதிரே வருபவன் ஒதுங்குவது நம்மைக் கண்டு அன்று. கண் கூசி வழி தெரியாமல் ஒதுங்குகிறான். எங்கே ஒதுங்குவான் என்பது அவனுக்கே தெரியாது.

எழுத்தராக இருபத்திரண்டு ஆண்டுகள் விதிகளோடு பழகிய கை, விதியை எடுத்துக் காட்டியது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, முகவிளக்குக்கு ஓர் அளவு வைத்திருக்கின்றன. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அதன் தாழ்ந்த ஒளி கூசச் செய்யலாகாது. துணைவிளக்குக்கும் அதே அளவை வைத்துக்கொள்வோம் என்றோம். அந்த உயரம் ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும் மனிதனின் கண் உயரம். விதியை எழுதியவர்கள் சாலையோரம் ஒரு மனிதனை நிறுத்தி, அவன் கண்ணை நினைத்தே எழுதியிருக்கிறார்கள். கோப்புகளில் இத்தகைய விதி அடிக்கடி அகப்படுவதில்லை.

இறுதியில் தாழ்ந்து அகன்று பரவும் மஞ்சள் விளக்குகள் இரண்டு வாங்கினோம். மஞ்சளொளி பனியைக் கிழித்துச் செல்லும் என்பது பலரும் சொல்வது. பனித்துளிகள் ஏறக்குறைய எல்லா நிறங்களையும் ஒன்று போலவே சிதறடிக்கின்றன. பயன் தருவது, விளக்கு தாழ்வாக இருப்பதும், அதன் ஒளி மேலெழாமல் வெட்டுண்டு நிற்பதுமே. மேலெழும் ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே வெள்ளைத் திரையாகத் திரும்பும். மஞ்சள் நிறம் கண்ணுக்குச் சற்று இதம், அவ்வளவே.

பொருத்திய உஸ்தாத் முதியவர்; பேச்சு குறைவு. முகவிளக்கின் ஒயரைக் கீறி ஒட்டுப்போடும் குறுக்குவழியை அவர் ஏற்கவில்லை. பாட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் இழுத்து, பாட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைத்தார். இரு விளக்கும் சேர்ந்து 40 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியருக்குள் அடங்கும். ஆகவே 5 ஆம்பியர் ஃப்யூஸ். நடுவே ரிலே. கைப்பிடியில் உள்ள சிறு சுவிட்சு ரிலேயை மட்டும் இயக்கும். கனத்த மின்னோட்டத்தை ரிலே சுமக்கும். சாவியை எடுத்தால் விளக்கும் அணையும்படி இணைத்தார். பின்பு ஹாண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, எங்கேனும் ஒயர் இழுபடுகிறதா என்று பார்த்தார். புகைக்குழாயின் சூடு படும் இடத்தைத் தவிர்த்தார். நட்டுகள் யாவும் அதிர்வில் கழலாத நைலான் உள்வளையம் கொண்டவை.

ஒளியின் திசையைச் சரிபார்ப்பதை அன்றிரவு குடியிருப்பின் மதிற்சுவர் முன் செய்தோம். சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிமிர்த்தி நிறுத்தினோம். நாம் முன்னும் மகன் பின்னுமாக, பயண மூட்டைகளோடு அமர்ந்தோம். பின்புறம் பளுவேறினால் வண்டியின் முகம் நிமிரும். வெறும் வண்டியில் திருத்திய விளக்கு பயணத்தில் வானத்தைப் பார்க்கும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து, ஒளியின் மேல்விளிம்பு அதற்கு நான்கு விரற்கடை கீழே விழுமாறு இல்லத்தரசி திருகினார். அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார், மதராஸிகள் ஏதோ பூசை செய்கிறார்கள் என்று எண்ணி வணங்கிச் சென்றார்.

ஜனவரி 8-ஆம் நாள் காலை பத்து மணிக்குப் பிறகே புறப்பட்டோம். பத்து மணிக்கும் பனி விலகவில்லை. நம் ஊர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, ஸ்ரீநகரில் தொடங்கித் தில்லி வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிறது. திருநெல்வேலிக்கு 2,700 கிலோமீட்டருக்கு மேல். அதில் முதல் நூற்றைம்பதே கடினமாக இருந்தது. முகவிளக்கு வெண்மையில் கரைந்தது. மஞ்சள் விளக்கின் கீழே சாலையின் வெள்ளை ஓரக்கோடு மட்டும் பத்தடி பத்தடியாக வெளிப்பட்டது. பின்னாடியில் ஒன்றும் இல்லை, வெறும் வெண்மை. பின்னாடி வெளுத்துவிட்டால் நிறுத்திவிடுவது என்று முன்பே பேசியிருந்தோம். இருமுறை சாலையை விட்டு முழுவதும் இறங்கித் தாபாவில் காத்திருந்தோம். மகனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தேநீர் குடித்தான்.

மதுராவைத் தாண்டி ஓரிடத்தில் பாலவேலை நடந்தது. இரு திசை வண்டிகளும் ஒரே தடத்தில் ஊர்ந்தன. எதிரே ஒரு லாரி நின்று நமக்கு வழிவிட்டது. நம் தாழ்ந்த மஞ்சளொளியில் அதன் மேற்பகுதி தெரியவில்லை. பம்பரும் அதில் வண்ணத்தில் எழுதியிருந்த எழுத்துகளும் மட்டும் தெரிந்தன. அவை தமிழ் எழுத்துகள். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் கற்ற நம் மகன் பின்னிருக்கையிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தான்: "நா... மக்... கல்."

ஓட்டுநர் தலையை நீட்டினார். "ஏனுங்க, டெல்லி நம்பரைப் போட்டுக்கிட்டுத் தமிழ் படிக்கிறீங்க?"

"அண்ணே, நாங்க திருநெல்வேலி" என்றான் தில்லியில் பிறந்தவன்.

"லைட்டு நல்லா வெச்சிருக்கீங்க தம்பி. கண்ணுல அடிக்கலீங்க. அதனாலதான் ஆள் வர்றதே தெரிஞ்சுது. இல்லாட்டி ஒதுங்கறேன்னு உங்க மேலயே வந்திருப்பேன். பார்த்துப் போங்க." லாரி நகர்ந்தது.

அதற்குப் பின் வெள்ளை விளக்கைப் பற்றிய பேச்சை மகன் எடுக்கவில்லை, நாமும் எடுக்கவில்லை. ஜான்சிக்கு அப்பால் பனி நீங்கிற்று. சிவனிக்கும் நாகபுரிக்கும் இடையே பெஞ்ச் காட்டில், விலங்குகள் கடப்பதற்காகச் சாலையைத் தூண்கள் மேல் தூக்கி, ஒலியும் விளக்கொளியும் காட்டுக்குள் புகாதபடி இருபுறமும் தடுப்புகள் எழுப்பியிருக்கிறார்கள். புலிக்கும் கண் கூசும் என்பதை நினைத்துச் செய்த வேலை அது என்று அவனே நமக்கு விளக்கினான். அன்றிலிருந்து மாலைதோறும் ஸ்பானரை எடுத்துக் கண்ணாடி நட்டுகளையும் விளக்கு நட்டுகளையும் சோதிப்பதை அவன் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான்.

போகியன்று மாலை திருநெல்வேலியை அடைந்தோம். ரயிலில் வந்த இல்லத்தரசி நமக்கு முன்பே வாசலில் நின்றார். நம் தந்தையாருக்கு எண்பத்தொரு வயது. இரு கண்களிலும் புரை நீக்கியவர். வெளிச்சம் என்றால் அஞ்சுவார். இரண்டு பேரும் இதே வண்டியில் திரும்பிப் போவதற்கு அவர் இசைய வேண்டும். பேரன் விதியைச் சொல்லி, வாசலிலிருந்து எட்டு மீட்டர் அளந்து கோடு போட்டான். தாத்தா கைத்தடியோடு அந்தக் கோட்டில் வந்து நின்றார். விளக்கைப் போட்டோம். ஒளி அவர் வேட்டியின் கரையளவில் நின்றது. சற்று நேரம் இமைக்காமல் பார்த்திருந்தார்.

"கூசலைடே" என்றார். "பொங்கல் கழிச்சு மெதுவாப் போங்க."