உளுந்து ஏன் மஞ்சளித்தது என்று எனக்குத் தெரியும்

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில், மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லியைச் சோதித்த திடல்களில் வேலை பார்த்தேன். விதைத்த மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே தெளிப்போம். 50 சதவீதத் தூள் ஏக்கருக்கு 400 கிராம் என்பது பரிந்துரை. பக்கத்திலேயே இரட்டிப்பு அளவு தெளித்த துண்டும் இருக்கும். கைத்தெளிப்பானைச் சுமந்து போகிறவர் வரப்போரம் திரும்பும்போது ஒரே இடத்தில் இரண்டு முறை மருந்து விழும். அங்கே என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் அந்தத் துண்டு.

மக்காச்சோளம் அந்த மருந்தைத் தன் உடம்புக்குள்ளேயே சிதைத்துவிடும். சாரணைக் களையால் அது முடியாது, வெளுத்துக் கருகும். உளுந்தாலும் முடியாது. இரட்டிப்புத் துண்டில்கூட மக்காச்சோளம் இலை வாடாமல் நின்றபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கதிரை எடை போட்டோம், களையை எடை போட்டோம், அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.

அதற்குள் அந்த நிலத்தில் உளுந்து விதைத்திருந்தார்கள். நன்றாகத்தான் முளைத்தது. அட்ரசின் தாக்குவது ஒளிச்சேர்க்கையை. அதனால் விதையில் இருக்கும் உணவு தீரும்வரை எதுவும் வெளியே தெரியாது. பிறகு இரட்டிப்புத் துண்டில் மட்டும் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்துக் காய்ந்தன. அந்தக் கரிசலைப் போலக் காரத்தன்மையுள்ள மண்ணில் அட்ரசின் சீக்கிரம் சிதையாது என்று படித்தவன் நான். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதினேன். அறிக்கையில் எழுதவில்லை. சோதனை மக்காச்சோளத்தோடு முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அழகாக வந்த முடிவைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அடுத்து நான் செய்தது இதைவிட மோசம். எங்கள் பேச்சைக் கேட்டு அட்ரசின் அடித்த விவசாயி ஒருவர், பின்பருவத்து உளுந்துச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். “சார், வரப்போரமா மட்டும் இப்படி ஆகுது, என்னங்க இது?” என்றார். வரப்போரம் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. “மஞ்சள் தேமலா இருக்கும், வெள்ளை ஈயைப் பாருங்க” என்றேன். வெள்ளை ஈ பரப்பும் அந்தத் தேமல் நோய் என்றால் இளந்தளிரில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து தெரியும். அவர் கையிலிருந்த செடிகளில் தளிர் பச்சையாக இருந்தது. என்னை நம்பி, கடன் சொல்லி வெள்ளை ஈக்கு மருந்து வாங்கி அடித்தார்.

அட்ரசின் அடித்த நிலத்தில் பயறு போடும் முன், வரப்போரத்து மண்ணைச் சட்டியில் அள்ளி நாலு உளுந்தை ஊன்றி, மூன்று வாரம் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். இதை அறிக்கையில் எழுதியிருந்தால் அவர் அந்த இடத்தில், மக்காச்சோளத்தைப் போலவே அட்ரசினைத் தாங்கும் சோளத்தை விதைத்திருப்பார்.