எழுதியதும் சேர்ந்ததும்

ஐசியு உணவியலாளர் ஒருவரின் நாட்குறிப்பிலிருந்து

திங்கள்

மூன்றாம் படுக்கைக்கு நேற்று இரவு ஓர் அம்மா வந்திருக்கிறார். நிமோனியா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும், எடை 60 கிலோ. வென்டிலேட்டரில் இருக்கிறார். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தின் அளவு இன்று காலை நன்றாகக் குறைந்துவிட்டது. ரவுண்ட்ஸில் டாக்டர், "ஃபீட் ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

குழாய் உணவை 48 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்கின்றன வழிகாட்டுதல்கள். வேலையில்லாமல் கிடக்கும் குடலின் உட்சுவர் மெலிந்துபோகும். ஆனால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவரிடம் அவசரம் காட்டக் கூடாது. ரத்த ஓட்டம் போதாத குடலுக்கு உணவை ஏற்றினால் குடலே அழுகும் அபாயம் உண்டு.

சிஸ்டர் மூக்குவழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் ட்யூப் போடும்போது பக்கத்தில் நின்றேன். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்சுக்குழி வரை அளந்து, அந்த இடத்தில் குழாயில் அடையாளம் வைத்தார். ஜெல்லி தடவி மெல்லச் செலுத்தினார். எக்ஸ்ரே வந்து டாக்டர் பார்க்கும்வரை ஒரு சொட்டு உணவும் கிடையாது. சிரிஞ்சில் காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதை மட்டும் நம்ப முடியாது. நுரையீரலுக்குள் போய்விட்ட குழாயும் அதே சத்தத்தைத் தரலாம். படம் சரியாக இருந்தது. தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி, மணிக்கு 20 மில்லியில் தொடங்கினோம்.

செவ்வாய்

அந்த அம்மாவின் மகள் பிளாஸ்கோடு காத்திருந்தார். "எங்க அம்மா பசி தாங்க மாட்டாங்க மேடம். துணியில வடிகட்டித்தான் கொண்டாந்திருக்கேன். இந்தக் கஞ்சிய ட்யூப்ல ஊத்தச் சொல்லுங்க."

அவரை உட்கார வைத்துக் கணக்கைக் காட்டினேன். ஒரு டம்ளர் கஞ்சித் தெளிவில் 10 கிராம் அரிசி கரைந்திருந்தால் 35 கலோரி. புரதம் ஒரு கிராம்கூட வராது. அம்மாவின் எடைக்குப் போகப் போக நாளொன்றுக்கு 1500 கலோரியும், 75 கிராமுக்குக் குறையாத புரதமும் வேண்டும். கஞ்சியை மட்டும் நம்பினால் வயிறு நிறையும், உடம்பு பட்டினி கிடக்கும்.

"அப்ப அந்த 1500-ஐ இன்னைக்கே குடுத்துடலாமே?" என்றார். நியாயமான கேள்வி. கடும் நோயின் முதல் சில நாட்களில் உடல் தன் சேமிப்பைத் தானே கரைத்துச் சர்க்கரை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் அது முழுதாக நிற்பதில்லை. அதன்மேல் முழு அளவையும் ஏற்றினால் சுமைதான் கூடும். பிரான்சில் மூவாயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்து 2023-இல் வெளியான ஆய்வு, அதிர்ச்சி நிலையில் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு முதல் வாரம் குறைவாகக் கொடுத்துப் பார்த்தது. இறப்பு கூடவில்லை, வாந்தியும் வயிற்றுப்போக்கும் குறைந்தன. அதனால் படிப்படியாகத்தான் ஏற்றுகிறோம் என்றேன். பிளாஸ்கை மூடிக்கொண்டார். "அப்ப தினமும் எவ்வளவு போகுதுன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார். சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

புதன்

எட்டாம் படுக்கைக்காரர் பல வாரங்களாகச் சோறே தொடாமல் குடித்திருக்கிறார். விலா எலும்புகளை எண்ணலாம். இவரைப் பார்த்தால் யாருக்கும் நிறையக் கொடுக்கத்தான் தோன்றும். அங்கேதான் ஆபத்து.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், பட்டினியைத் தாண்டி வந்தபின், வயிறார உண்டதால் இறந்தார்கள். நெடுநாள் காய்ந்த உடலுக்குத் திடீரென மாவுச்சத்து வந்தால் இன்சுலின் பாய்கிறது. ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இறங்கிவிடுகின்றன. இதயம் தடுமாறும், மூச்சுத் தசை சோரும். எனவே முதலில் தயமின் ஊசி, பிறகு கிலோவுக்கு 10 கலோரி மட்டும். தினமும் பாஸ்பேட் பார்க்க வேண்டும் என்று சார்ட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

வியாழன்

இன்று மனம் கொதித்தது. மூன்றாம் படுக்கைக்கு ஃபீட் மணிக்கு 50 மில்லி, நாளுக்கு 1200. பத்து மணி சிடி ஸ்கேனுக்காகக் காலை ஆறு மணிக்கே நிறுத்தியிருக்கிறார்கள். பதினொன்றுக்குத் திரும்பி வந்துவிட்டார். இரண்டு மணிக்கு நான் போகும்போதும் பம்ப் அணைந்தே இருந்தது. எட்டு மணி நேரம், 400 மில்லி: ஒரு நாள் உணவில் மூன்றில் ஒரு பங்கு. ஆன்டிபயாடிக் ஒரு வேளை தவறினால் விசாரணை நடக்கும். உணவு தவறினால் யாரும் கேட்பதில்லை. நோயாளியும் கேட்க முடியாது.

யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. முறையைத்தான் மாற்ற வேண்டும். மணிக்கு இத்தனை என்று எழுதாமல் நாளுக்கு இத்தனை என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் விட்டதை ஈடுகட்டும் பொறுப்பும் அதிகாரமும் சிஸ்டரிடமே இருக்கும். மீதி 16 மணி நேரத்துக்கு மணிக்கு 75 மில்லி என்று டாக்டர் ஒப்புதல் கொடுத்தார்.

சாயங்காலம் இன்னொரு பேச்சு: இரைப்பையில் 200 மில்லி மிஞ்சியிருக்கிறது, நிறுத்தட்டுமா? வாந்தியில்லை, வயிறு உப்பவில்லை. 500-க்குக் கீழே இருந்து, வேறு அறிகுறி ஏதும் இல்லையென்றால் நிறுத்த வேண்டாம் என்று 2016-இலேயே அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. நிறுத்தவில்லை.

வெள்ளி

குழாய் அடைத்துக்கொண்டது. மாத்திரைகளை ஒன்றாகப் பொடித்து ஊற்றியிருக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளிச் சரிசெய்தோம். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே கரைத்து, இடையே தண்ணீர் விட வேண்டும். மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

ஞாயிறு

மூன்றாம் படுக்கை அம்மாவுக்கு நேற்று வென்டிலேட்டர் எடுத்தாகிவிட்டது. இன்று நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். இருமல் இல்லை, குரலில் ஈரம் இல்லை. மகள் கையால் இரண்டு ஸ்பூன் கெட்டிக் கஞ்சி விழுங்கினார். மூக்குக் குழாயை உடனே எடுக்கச் சொன்னார் மகள். வாய்வழியாகப் போதுமான அளவு போகும்வரை அது இருக்கட்டும் என்றேன்.

அம்மாவால் கையைத் தூக்க முடியவில்லை. லண்டனில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வொன்றில், ஐசியு நோயாளிகளின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறத்தாழ 18 சதவீதம் சுருங்கியிருந்தது. உணவு ஒன்றே அதைத் தடுத்துவிடாது. கைகால் அசைப்பதும் எழுந்து உட்கார்வதும் கூடவே நடக்க வேண்டும். ஆனால் உணவு சேராத உடம்பு எதை வைத்துத் தசை கட்டும்?

நாளை முதல் எங்கள் ரவுண்ட்ஸ் தாளில் இரண்டு கட்டங்கள் கூடுகின்றன: எழுதியது எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு. ஐசியு வாசலில் காத்திருப்பவர்கள் பிரஷரையும் காய்ச்சலையும் தவறாமல் விசாரிக்கிறார்கள். நேற்று எவ்வளவு சாப்பாடு உள்ளே போனது என்றும் கேட்க வேண்டும். அந்த மகள் ஐந்து நாளும் கேட்டார். அவர் கேட்டதால்தான் நானும் தினமும் அந்தக் கணக்கோடு டாக்டர் முன்னால் நின்றேன்.