இரு பக்கமும் ஒரே சக்கரம்

ஹூப்ளியின் பெங்கேரிப் பகுதியில் இருக்கிறது கர்நாடக காதி கிராமோத்யோக சம்யுக்த சங்கம். 1957இல் தொடங்கிய கதர் அமைப்பு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்றோடு தேசியக் கொடி தயாரிக்கும் உரிமை 2006இல் இதற்குக் கிடைத்தது. நெடுங்காலம் நாட்டிலேயே அந்தச் சான்று பெற்ற இடம் இது ஒன்றுதான். நான் போனது ஜூலை மாதம். ஆகஸ்ட் 15க்கு முன்னால் வேலை நெருக்குகிற காலம்.

கூடத்தில் பெரும்பாலும் பெண்கள். துணி இங்கே நெய்யப்படுவதில்லை. பாகல்கோட் மாவட்டத்துத் துளசிகேரியில் ராட்டையில் நூற்று, கைத்தறியில் நெய்து அனுப்புகிறார்கள். வந்த துணியை வெளுத்து, ஒரு பங்குக்குக் காவியும் ஒரு பங்குக்குப் பச்சையும் சாயம் ஏற்றுகிறார்கள். பிறகு வெட்டு, அச்சு, தையல். கடைசியாக, கம்பத்தை ஒட்டி வரும் தடித்த கதர்ப் பட்டைக்குள் கயிறு நுழைத்து மரக்கட்டை பொருத்துகிறார்கள். 6×4 அங்குலத்திலிருந்து 21×14 அடிவரை ஒன்பது அளவுகள். எந்த அளவானாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 3:2 மாறக்கூடாது.

நான் அதிக நேரம் நின்றது அச்சு மேசை அருகில். வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பரப்பி, அதன்மேல் அச்சுச் சட்டத்தை வைக்கிறார்கள். கருநீலச் சாயத்தை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. காய்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் அதே சக்கரம். முன்பக்கத்து 24 ஆரங்களுக்கு நேராகப் பின்பக்கத்து 24 ஆரங்களும் உட்கார வேண்டும். இம்மி நகர்ந்தாலும் வெளிச்சத்தில் ஆரம் இரட்டையாகத் தெரிந்துவிடும். அச்சுப் போட்ட அம்மா ஒரு துணியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, அதைத் தனியே ஒதுக்கினார்.

இந்த இரு பக்கப் பொருத்தத்துக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. 1921இல் பெசவாடா காங்கிரஸ் கூட்டத்தில் பிங்கலி வெங்கையா காந்தியிடம் கொடுத்த கொடி சிவப்பும் பச்சையும் கொண்டது. வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. நிறங்களுக்கு மதச்சாயல் கிடையாது என்று 1931இல் காங்கிரஸ் தெளிவுபடுத்தியது. அந்தக் காலத்துக் காங்கிரஸ் கொடிகளில் இருந்தது ராட்டை. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் தீர்மானத்தை முன்மொழிந்த நேரு, ராட்டை சக்கரமானதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் சொன்னார்: ராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர், கொடியைத் திருப்பினால் இரண்டும் இடம் மாறிவிடும். சாரநாத் தூணின் சக்கரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான்.

ராட்டை போனதில் காந்திக்கு வருத்தம். ஆனால் நேரு அன்று சபையில் காட்டிய இரண்டு கொடிகளும் கதர்தான். ஒன்று பட்டு, மற்றது பருத்தி. கொடியின் முகத்திலிருந்து எடுக்கப்பட்ட ராட்டை, அதன் இழையில் தங்கிவிட்டது என்றே நான் கொள்கிறேன். காவிக்கும் பச்சைக்கும் பள்ளிக்கூடத்தில் பொருள் சொல்லிக் கொடுக்கிறோம். கையால் நூற்ற நூலுக்கும் ஒரு பொருள் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. கொடியில் உழைப்பாளியின் கை முதலில் படும் இடம் அதுதானே?

2021 டிசம்பர் 30 அன்று கொடி விதிகளைத் திருத்தினார்கள். எந்திரத்தில் செய்த கொடிக்கும் பாலியெஸ்டர் துணிக்கும் அனுமதி வந்தது. அடுத்த ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏற்றும் இயக்கம். பெங்கேரிக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் பார்த்தார்கள். திருத்தம் அப்படியே நின்றது. ஏழை வீட்டு மாடியிலும் கொடி பறக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கதர் விலை எல்லோருக்கும் கட்டாது. ஆனால் அரசாங்கத்துக்குக் கட்டும். தலைமைச் செயலகம் முதல் பஞ்சாயத்து அலுவலகம்வரை, கதர்க் கொடி தவிர வேறு கொடி ஏற்றக்கூடாது என்று ஓர் உத்தரவு போடலாம். சிட்டக் கணக்கில் கூலி வாங்கி நூற்கும் பெண்களுக்கு அதன்மூலம் வேலை கிடைக்கும். ஆகஸ்ட் 15 நெருங்கும்போது மட்டும் அவர்களை நினைத்துக்கொண்டால் போதாது.