பிஜாப்பூர்: இரண்டு மணி நேரம் போதாது

டூரிஸ்ட் பஸ்களின் கணக்கில் பிஜாப்பூர் என்பது ஒரு கும்பஸ், ஒரு பீரங்கி, ஒரு மதியச் சாப்பாடு. வட கர்நாடகத்துக்கு வருகிறவர்கள் ஹம்பிக்கு மூன்று நாள் ஒதுக்குகிறார்கள்; இந்த ஊருக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். 2014இல் விஜயபுரா என்று பெயர் மாறிய இந்த நகரம், 1490 முதல் 1686இல் ஔரங்கசீப்பிடம் வீழும் வரை அடில் ஷாஹி சுல்தான்களின் தலைநகர். சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுள்ள கோட்டைச் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் மசூதிகள், சமாதிகள், அரண்மனைகள், படிக்கிணறுகள் சிதறிக் கிடக்கின்றன. இங்கே ஓர் இரவு தங்க வேண்டும். பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதால் மட்டுமல்ல, ஒவ்வொரு கட்டடத்தையும் அதற்குரிய வேளையில் பார்க்க வேண்டும் என்பதால்.

கோல் கும்பஸுக்கு உரிய வேளை காலை, கதவு திறந்தவுடன். 1656இல் இறந்த முகமது அடில் ஷாவின் சமாதி இது. குவிமாடத்தின் வெளி விட்டம் 44 மீட்டர். உள்ளே தாங்குவதற்கு ஒரு தூண்கூடக் கிடையாது. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் எட்டு வளைவுகள் மொத்தப் பாரத்தையும் சுவர்களுக்கு இறக்கிவிடுகின்றன. மூலைக் கோபுரத்தின் குறுகிய படிகளில் ஏழு மாடி ஏறினால் குவிமாடத்தின் உள்விளிம்பைச் சுற்றி ஓடும் மாடம். சுவரில் வாய் வைத்து நீங்கள் கிசுகிசுப்பது, சுமார் 38 மீட்டர் தள்ளி எதிர்ப்பக்கம் நிற்பவர் காதில் தெளிவாக விழும். பள்ளிச் சுற்றுலாக்கள் வந்து சேர்ந்த பிறகு கைதட்டலும் விசிலும்தான் கேட்கும். எதிரொலி எல்லாவற்றையும் பலமுறை திருப்பித் தரும், கிசுகிசுப்பைத் தவிர. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்று அண்ணாந்து பார்க்கலாம். நஷ்டமில்லை.

வெயில் ஏறியதும் ஜும்மா மசூதிக்குப் போங்கள். வளைவுகளின் நிழலில் குளிர்ச்சியான தரை. பெரிய பரப்பில் வெள்ளைச் சாந்து, மேற்குச் சுவரில் மட்டும் தங்க வேலைப்பாடு. செருப்பை வெளியே விட வேண்டும். தொழுகை நேரத்தைத் தவிர்ப்பது மரியாதை. மதியம் ஏதாவது ஒரு கானாவளியில் சோள ரொட்டி, எண்ணெகாயி எனப்படும் கத்திரிக்காய்க் கறி, வேர்க்கடலைச் சட்னிப் பொடி, தயிர். காரம் குறைவாக என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பிற்பகலில் மேற்குச் சுவர்ப் பக்கம். சுமார் 55 டன் எடையுள்ள மாலிக்-எ-மைதான் பீரங்கியை 1854இல் ஏலம் விட்டபோது 150 ரூபாய்க்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஏலம் ரத்தானது, பீரங்கி தப்பியது. சூரியன் சாயும்போது இப்ராஹிம் ரௌஸாவில் இருங்கள். இசைப் பித்தரான இரண்டாம் இப்ராஹிம் (ஆட்சி: 1580-1627) தன் ராணிக்காகக் கட்டத் தொடங்கிய சமாதியில் அவரும் அடங்கியிருக்கிறார். கோல் கும்பஸ் அளவால் மிரட்டுகிறது என்றால் இது நுணுக்கத்தால் மயக்குகிறது. ஜன்னல் சல்லடைகளே எழுத்துகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

பெரும்பாலோர் பார்க்காமல் போவது தண்ணீர். மழை குறைந்த இந்தப் பீடபூமியில் இவ்வளவு பெரிய தலைநகரம் பிழைத்தது சுரங்கக் கால்வாய்களாலும் சுட்ட மண் குழாய்களாலும்தான். குழாய்களில் அழுத்தத்தைக் குறைக்க எழுப்பிய ‘கஞ்ச்’ என்ற நீர்க் கோபுரங்கள் சில இன்னும் தெருவோரம் நிற்கின்றன. 1620இல் கட்டிய தாஜ் பாவடி, பிள்ளையார் சிலைகளும் குப்பையும் கொட்டும் இடமாகிப் போய், சில ஆண்டுகளுக்கு முன்புதான் தூர்வாரப்பட்டது. அது மீண்டும் குப்பைக் கிணறு ஆகாமல் இருக்க, நாலு பேர் வந்து பார்க்கிறார்கள் என்ற உணர்வு ஊருக்கு வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறும் பயணி தருவது நுழைவுக் கட்டணம் மட்டுமே. தங்குகிறவர் விடுதிக்கு, கானாவளிக்கு, ஆட்டோக்காரருக்கு, வழிகாட்டிக்கு என்று நாலு கைகளுக்குப் பணம் தருகிறார். பழைய கட்டடம் சோறு போடும் என்று தெரிந்தால்தான் அதன் மேல் சுவரொட்டி ஒட்டாமல் இருப்பார்கள்.

மறுநாள் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி பாதாமி, நம் சரித்திர நாவல்களின் வாதாபி. பல்லவன் நரசிம்மவர்மன் 642இல் கைப்பற்றிய சாளுக்கியத் தலைநகர். மூன்றாவது குகையில் உள்ள கல்வெட்டின் ஆண்டு 578. அங்கிருந்து 22 கிலோமீட்டரில் பட்டதகல். 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அங்குள்ள விரூபாக்ஷர் கோவில், இரண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சியை வென்றதைக் கொண்டாட அவன் ராணி லோகமாதேவி எழுப்பியது. காஞ்சியை வென்றவன் அதைக் கொள்ளையடிக்கவில்லை. கைலாசநாதர் கோவில் செல்வத்தைத் திருப்பித் தந்ததாக அங்கே கன்னடக் கல்வெட்டு பொறித்தான். இரண்டு கோவில்களையும் பார்த்தவருக்குச் சாயல் தெரியும்.

எப்படிப் போவது: சென்னை-மும்பை தடத்தில் சோலாப்பூரில் இறங்கினால் சுமார் 100 கிலோமீட்டர், பஸ், ரயில் இரண்டும் உண்டு. மைசூர், பெங்களூரிலிருந்து ஹூப்ளி வழியாக கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ். பிஜாப்பூரும் பாதாமியும் ஒரே ரயில் பாதையில் இருப்பது வசதி.

எப்போது: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

கவனிக்க: கோல் கும்பஸ் முன்னால் உள்ள தொல்லியல் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆட்டோவுக்கு அரை நாள் வாடகையைப் பேசிவிட்டு ஏறுங்கள். பாதாமி குகைப் படிகளில் குரங்குகள் அதிகம். கையில் தின்பண்டம் வேண்டாம்.