நிற்கும் தொலைவு

நுழையும்முன்

வண்டியை ஓட்டக் கற்பவர் பலர். நிறுத்தக் கற்பவர் சிலர். மகிழுந்து, பேருந்து, ஆட்டோ, நடந்து செல்வோர் எனப் பலரும் பகிர்ந்துகொள்ளும் சாலையில், இருசக்கர வண்டியில் செல்பவரின் உயிரைக் காப்பது எது? மதுரையின் சாலை ஒன்றை முன்வைத்து இக்கட்டுரை விடை தேடுகிறது.

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தின் வாயிலில் கால்மணி நேரம் நின்றால் போதும். நம் சாலைகளின் இயல்பு முழுவதும் விளங்கிவிடும். தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் முதலிய ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் திரும்பி வெளியேறும். உறவினரை இறக்கிவிட வந்த மகிழுந்து ஓரத்தில் நிற்கும். ஆட்டோக்கள் பயணியரைத் தேடி மெல்ல ஊரும். இவற்றின் இடுக்குகளில் எல்லாம் இருசக்கர வண்டிகள் நீர்போல் புகுந்து செல்லும். இவ்வழியே பல ஆண்டுகளாக வண்டியில் சென்றுவருபவன் நான்.

ஒருநாள் காலையில், வெளியே வந்த பேருந்துக்கு வழிவிட ஒரு மகிழுந்து சட்டென நின்றது. அதன் பின்னால் நான்கைந்து அடி தொலைவிலேயே வந்துகொண்டிருந்த இளைஞர், கால்பிரேக்கை முழுவலிமையோடு மிதித்தார். பின்சக்கரம் இறுகிச் சறுக்கியது. வண்டி மகிழுந்தின் மீது மோதிச் சாய்ந்தது. தலைக்கவசம் வாரிட்டு அணிந்திருந்ததால் மணிக்கட்டு முறிவோடு அவர் தப்பினார். மகிழுந்து ஓட்டுநர் பதறி இறங்கி, “தம்பி, நீ பின்னால வந்ததே எனக்குத் தெரியலையேப்பா” என்றார். “திடீர்னு நின்னுட்டீங்களே சார்” என்றார் இளைஞர்.

இருவர் சொன்னதும் உண்மை. அவ்விரு உண்மைகளையும் சற்றே ஆராய்வோம்.

திடீரென நிற்பது

எந்த வண்டியும் நினைத்தவுடன் நிற்பதில்லை. கண் ஆபத்தைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 8 மீட்டர் கடந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 17 மீட்டர் கடந்துவிடும். பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதன் பிறகுதான்.

வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று இயற்பியலில் படிக்கிறோம். ஆகவே, பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவும் நான்கு மடங்காகும். காய்ந்த நல்ல சாலையில், வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 6 மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அத்தொலைவு ஏறத்தாழ 6 மீட்டர். 60 கிலோமீட்டரிலோ 23 மீட்டர். முதல் ஒரு நொடியையும் கூட்டினால், நிற்கும் தொலைவு முறையே 14 மீட்டரும் 40 மீட்டரும் ஆகும். 12 மீட்டர் நீளமுள்ள மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தினாலும் 40 மீட்டர் நிரம்பாது. மழைநாளில், அதிலும் சாலையின் தூசியும் எண்ணெயும் குழம்பும் முதல் மழையில், இத்தொலைவு இன்னும் நீளும்.

பிரேக் பிடிக்கும் முறையும் முதன்மையானது. வண்டி வேகம் குறையும்போது அதன் எடை முன்சக்கரத்தை நோக்கிச் சாய்கிறது. முன்சக்கரம் சாலையை அழுத்திப் பற்ற, பின்சக்கரம் பற்று இழக்கிறது. கால்பிரேக்கை மட்டும் நம்பியவரின் பின்சக்கரம் சறுக்குவது இதனால்தான். ‘முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம்’ என்னும் அச்சம் நம்மிடையே பரவலாக உள்ளது. வீழ்த்துவது முன்பிரேக் அன்று; அதை வெடுக்கென்று பிடிப்பதே. கைப்பிடியை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் ஒருசேர, படிப்படியாக அழுத்தம் கூட்டிப் பிடிக்க வேண்டும். வளைவு வருமானால், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. சக்கரம் இறுகப்போவதை உணர்ந்து, நொடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டுப் பிடித்து, சறுக்கலை அது தடுக்கிறது. நல்ல துணைதான்; எனினும், நாம் உணர்வதற்குள் ஓடிவிட்ட அந்த முதல் நொடியை எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

கண்ணுக்குப் படாதவர்

மகிழுந்து ஓட்டுநர் ‘தெரியவில்லை’ என்று கூறுவது எப்போதும் சாக்கு அன்று. முன்கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூண்கள் ஓர் இருசக்கர வண்டியை முழுமையாக மறைக்கவல்லவை. பக்கக் கண்ணாடிகளுக்கும் எட்டாத மூலைகள் உண்டு. மேலும், சிறிய உருவம் உண்மையில் உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகவும் மெல்ல வருவதாகவும் கண்ணுக்குத் தோன்றும். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு பகலிலும் எரியுமாறு அமைக்கப்படுவது, பிறர் கண்ணில் நாம் படுவதற்காகவே. முன்செல்பவரின் முகம் அவருடைய கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மகிழுந்தில் இருப்பவர்க்கும் கடமை உண்டு. நெதர்லாந்தில் ஓர் எளிய பழக்கம் உள்ளது. கதவை, அதற்கு அருகில் உள்ள கையால் திறக்காமல் மறுகையால் திறக்கின்றனர். நம் நாட்டில் ஓட்டுநர் தம் வலப்பக்கக் கதவை இடக்கையால் திறந்தால் போதும். உடல் தானே திரும்பும், கண் பின்னால் வருபவரைக் காணும்.

பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடும் என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவனை அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டுகிறார். விரைந்து வீடு சேரும் வேட்கையிலும் வழியிலுள்ள சிற்றுயிரை எண்ணிப் பார்த்த பண்பாடு நம்முடையது.

இடைவெளி

நிற்க இடம் வேண்டும். பிறர் கண்ணில் படவும் இடம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடை, இடைவெளி. அதை அளக்க எளிய வழி உண்டு. முன்செல்லும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் அக்கம்பத்தை நீங்கள் எட்டிவிட்டால், நெருங்கிச் செல்கிறீர்கள் என்று பொருள். மழையில் இரு மடங்கு எண்ண வேண்டும்.

‘இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைந்துவிடுவாரே!’ என்று கேட்கலாம். நுழையத்தான் செய்வார். அப்போது மீண்டும் சற்றுப் பின்தங்குவோம். ஒருவருக்கு இரண்டு நொடி வீதம், பத்துப்பேர் நுழைந்தாலும் நாம் இழப்பது இருபது நொடிகளே.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த எண்களுக்குப் பின்னால், மாலையில் வாசலைப் பார்த்துக் காத்திருந்த வீடுகள் உள்ளன.

கியர் உள்ள வண்டியை ஓட்டுவதற்கு 18 வயது நிரம்பி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உங்களுள் பெரும்பாலோர் இன்று பின்னிருக்கையில் செல்பவர்கள். அந்த இருக்கைக்கும் தலைக்கவசம் உண்டு, பொறுப்பும் உண்டு. அப்பாவோ அண்ணனோ முன்வண்டியை ஒட்டிச் செல்லும்போது, “கொஞ்சம் இடம் விட்டுப் போங்க” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதைச் சொல்லப் பழகியவர், கைப்பிடி தம் கைக்கு வரும் நாளில் நிறுத்தக் கற்றவராகவே வண்டியை எடுப்பார்.