இரண்டு கவுன்சில், ஒரு நர்ஸ்

திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை போகும் பஸ் பாறசாலையைத் தாண்டியதும் மாநிலம் முடிந்துவிடுகிறது. பேச்சு முடிவதில்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அக்காளைக் களியக்காவிளையிலும் தங்கையைப் பாறசாலையிலும் கட்டிக் கொடுத்த குடும்பங்களுக்கு இது பெரிய சங்கதியில்லை. மகளை நர்ஸாக்கி வெளிநாடு அனுப்பும்போதுதான் அந்தக் கோடு குறுக்கே வருகிறது.

இந்தப் பக்கத்துக்கு ஆஸ்பத்திரி வேலை புதிதல்ல. நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838-லேயே தொடங்கிவிட்டது. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த டாக்டர் சாமர்வெல், பிறகு நெய்யூரிலேயே ஆண்டுக்கணக்கில் கத்தி பிடித்தார். எல்லையோரம் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

பாறசாலைப் பெண்ணுக்கு மார்த்தாண்டமோ நாகர்கோவிலோ கூப்பிடு தூரம். அத்தை வீட்டில் தங்கி அங்கே டிப்ளமா முடிப்பாள். பதிவு தமிழ்நாடு கவுன்சிலில். திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தால் கேரள கவுன்சிலிலும் பதிய வேண்டும். லண்டனுக்கோ ரியாத்துக்கோ விண்ணப்பித்தால், இவள் பதிவு பெற்ற நர்ஸ்தானா என்று கவுன்சிலிடமே நேராகக் கேட்கிறார்கள். சர்டிபிகேட்டுக்கு மாநில முத்திரை வேண்டுமென்றால், அதைக் கொடுத்த மாநிலத்தில்தான். வீட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் தலைநகரம் இருக்க, இவள் 700 கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்கு ரயிலேற வேண்டும்.

பெயர் இன்னொரு வம்பு. கேரளப் பள்ளிப் புத்தகத்தில் இனிஷியலில் வீட்டுப்பெயரும் ஏறிவிடும். தமிழ்நாட்டு டிப்ளமாவில் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து விரிந்து குடும்பப்பெயராகிவிடுகிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசில் ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருக்கும் வராத சந்தேகம்!

பிலிப்பைன்ஸ் நர்ஸுக்கு இந்தத் தொல்லை குறைவு. நாடு முழுவதற்கும் ஒரே படிப்பு, நாலு வருடப் பட்டம். ஒரே தேர்வு, ஒரே ஆணையத்தின் லைசென்ஸ். ஆனாலும் போன இடத்தில் அவர்களும் தப்பவில்லை. 1992-ல் வந்த கனடாவின் வீட்டோடு தங்கிப் பராமரிக்கும் திட்டத்தில் போன பல பிலிப்பைன்ஸ் நர்ஸுகள், வார்டில் மருந்து கொடுத்த கையால் ஆண்டுக்கணக்கில் குழந்தைக்குச் சோறூட்டினார்கள்.

ஜெர்மனியில் இப்போது நம்மவர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அதுதான். கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையோடு ஒப்பந்தம் போட்டது. மொழி கற்று விமானம் ஏறினாலும், அங்கே பாடத்திட்டத்தை ஒப்பிட்டு எது குறைவு என்று எழுதிக் கொடுப்பார்கள். அதை ஈடுகட்ட மாதக்கணக்கில் பயிற்சி அல்லது பரீட்சை. அதுவரை பதவி உதவியாளர், சம்பளமும் அதற்கேற்ப. பிரிட்டனில் ஆங்கிலத் தேர்வு, கம்ப்யூட்டர் தேர்வு, அப்புறம் செய்முறைத் தேர்வு. ஐ.சி.யூ.வில் பத்து வருடம் நின்றவளும் பொம்மை நோயாளி முன்னால், செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியபடி செய்துகாட்ட வேண்டும். நோயாளியின் பத்திரத்துக்காகச் சோதிப்பது நியாயம். அனுபவத்துக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லாதது நியாயமில்லை.

இவ்வளவும் ஏன் என்று கேட்டால், போராட்டங்களுக்குப் பிறகு 2018-ல்தான் கேரளத் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளம் அறிவிக்கப்பட்டது. படிப்புக் கடன் அதற்கு முன்பே வட்டி ஏற ஆரம்பித்திருக்கும். காகிதம் அலைந்து சேர்வதற்குள் வேலையை விட்டிருந்தால், அந்த இடைவெளியையும் ஏஜென்ட் குறையாகச் சொல்வார். கல்யாணப் பேச்சு வேறு நடுவில் வரும். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "பேப்பர் எல்லாம் கிளியர் ஆயிடுச்சா?"