குத்தூசியில் வந்த அரிசி

என் உம்மும்மா தம் வாழ்நாளில் கண்ட திரைப்படம் ஒன்றே ஒன்றுதான். அதைக் காண அவர்களைத் தூண்டியது ஓர் இளஞ்சிவப்பு நிறத் துண்டுத் தாள்.

1960களின் தொடக்கம் அது. எனக்கு வயது பத்து. ஊர் எல்லையில் டூரிங் டாக்கீஸ் ஒன்று கொட்டகை போட்டிருந்தது. படம் மாறும் நாளில் இருபுறமும் தட்டி கட்டிய மாட்டு வண்டி தம்பட்டத்துடன் தெருவுக்குள் நுழையும். வண்டிக்காரர் வீசும் நோட்டீசுகளைப் பொறுக்கச் சிறுவர்கள் நாங்கள் பின்னால் ஓடுவோம். வாப்பா சினிமாவுக்கு விடமாட்டார்கள். நோட்டீசு பொறுக்குவதற்குத் தடையில்லை.

அன்று கிடைத்த தாளின் நடுவே கஅபாவின் படம் இருந்தது. கீழே, புனித மக்கா நகரைக் கண்ணாரக் காணலாம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். உம்மும்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். மீண்டும் படிக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறையும் படித்தேன்.

ஹஜ்ஜுக்கென்று அவர்கள் ஒரு தகரப் பெட்டியில் பல ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வந்தார்கள். பெரியம்மாவின் நோய்க்கு அது முழுவதும் செலவாகிவிட்டது. அதன் பிறகு பெட்டி நிறையவே இல்லை. இதை அறிந்திருந்ததால்தான் வாப்பா இரண்டு நாள் யோசித்து, "போய் வாருங்கள் மாமி" என்று ஒரே சொல்லில் அனுமதி தந்தார்கள். துணைக்கு நான்.

உம்மும்மா உளூச் செய்துகொண்டு, வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, கையில் தஸ்பீஹுடன் புறப்பட்டார்கள். பெண்கள் பகுதியின் மணல் தரையில் அமர்ந்தோம். விளக்கணைந்தது. எழுத்துகள் ஓடும்போது கஅபா தெரிந்தது. அசையாத ஒரு படம். மூச்சு இழுத்து விடும் நேரந்தான். பிறகு ஒரு மாளிகை, ஒரு காதல், ஒரு வில்லன், ஆட்டங்கள். உம்மும்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். இடைவேளையில் என் கையைப் பிடித்து, "இனிமேல் வருமா வாப்பா?" என்று கேட்டார்கள். தாளில் போட்டிருக்கிறதே என்ற நம்பிக்கையில் "வரும் உம்மும்மா" என்றேன். கடைசிவரை உட்கார்ந்திருந்தோம். வரவில்லை.

வாப்பா அரிசி வியாபாரி. நடந்ததைக் கேட்டுவிட்டு, "மூட்டையில் இல்லாத அரிசியைக் குத்தூசியில் காட்டியிருக்கிறான்" என்றார்கள். சாக்கில் குத்தூசியைச் செருகி எடுக்கும் பிடி அரிசியை நம்பித்தான் எங்கள் கடையில் வியாபாரம் நடந்தது. அதில் வந்தது மூட்டைக்குள்ளும் இருக்க வேண்டும். அதற்குமேல் அந்தத் தொழிலில் சட்டம் ஏதுமில்லை.

இது நெடுநாள் மறந்திருந்த கதை. மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாதைச் சேர்ந்த ஓர் ஆசிரியையின் வழக்கைப் பற்றிப் படித்தபோது நினைவுக்கு வந்தது. ஷாருக் கான் இரட்டை வேடத்தில் நடித்த 'ஃபேன்' என்ற இந்திப் படம் 2016 ஏப்ரலில் வெளிவந்தது. அதன் விளம்பரங்களில் 'ஜப்ரா ஃபேன்' என்ற பாடல் நாடெங்கும் ஒலித்தது. அந்தப் பாடலுக்காகவே அவர் பிள்ளைகளை அழைத்துச் சென்றார். படத்தில் பாடல் இல்லை. ஏமாந்த பிள்ளைகள் அன்றிரவு உண்ணாமல் படுத்து, உடல்நலம் கெட்டு, மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததென்று முறையிட்டிருந்தார். மாவட்ட நுகர்வோர் மன்றம் தள்ளிவிட்டது. மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் தரச் சொன்னது. 2020இல் தேசிய ஆணையமும் அதை ஏற்றது. தயாரிப்பாளர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2024 ஏப்ரல் 22ஆம் நாள் தீர்ப்பு வந்தது: முன்னோட்டம் என்பது டிக்கெட் வாங்கத் தூண்டும் விளம்பரமே, அது வாக்குறுதியும் அன்று, ஒப்பந்தமும் அன்று, ஆகவே சேவைக் குறைபாடோ முறையற்ற வணிகமோ இல்லை. இழப்பீடு ரத்தாயிற்று.

பாட்டுக்காக ஒரு வழக்கா என்று நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீர்ப்பைக் குறை கூறவும் மனமில்லை. விளம்பரத்தில் வந்த ஒவ்வொரு காட்சிக்கும் கணக்குக் கேட்டால் படம் எடுப்பவன் கத்தரியைத் தொடவே முடியாது. ஆயினும் அரிசிக்கடையில் பிறந்தவனுக்கு ஓர் ஐயம் தீரவில்லை. விளம்பரம் வாக்குறுதி இல்லையென்றால், எதை நம்பி ஒருவன் காசை நீட்டுகிறான்? படத்தை முன்பே பார்த்தா வாங்குகிறான்?

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 'யெஸ்டர்டே' என்ற 2019ஆம் ஆண்டுப் படத்தின் முன்னோட்டத்தில் அனா டி அர்மாஸ் என்ற நடிகை தோன்றினார். படத்தில் அவர் பகுதி வெட்டப்பட்டிருந்தது. 3.99 டாலர் கொடுத்துப் பார்த்த இருவர் வழக்குத் தொடுத்தனர். முன்னோட்டமும் விளம்பரமே, பொய் விளம்பரச் சட்டம் அதையும் கட்டுப்படுத்தும் என்று நீதிபதி 2022 டிசம்பரில் கூறினார். ஆனாலும் வழக்கு நிலைக்கவில்லை. மறு ஆண்டு தள்ளுபடியாயிற்று. அந்த முதற்பேச்சை வாப்பா கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள்.

உம்மும்மா யார்மீதும் குறை சொல்லவில்லை. அன்றிரவு வீடு திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நீ தூக்கம் கெட்டதுதான் மிச்சம்" என்று என் தலையைத் தடவினார்கள். நான் "வரும்" என்று சொன்னதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகாமலே வபாத்தானார்கள்.

பின்னர் உம்மா அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். சில நாணயங்களுடன் இளஞ்சிவப்புத் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. கஅபாவின் படம் மட்டும் ஓரம் பிசகாமல் கத்தரிக்கப்பட்டிருந்தது. எழுத்து எதுவும் அதில் இல்லை.